ஒரு மூடி பெற்றோல்

அரியாலையில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கையில் ஓடக்கூடிய நிலையில் ஒரே ஒரு கார்தான் இருந்தது. அது எதிர்வீட்டுக்காரருடையது. சண்டை தொடங்கி, குடாநாட்டில் மின்சாரம் நின்று, பெற்றோல் வருவதும் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. அந்தக் காலத்தில் எல்லாக் கார்களையும் போல அதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஆனால் குளிர்ந்துகிடக்கும் இயந்திரம் மண்ணெண்ணெயில் பற்றிக்கொள்ளாது. கிளப்புவதற்கு ஒரு மூடி பெற்றோலாவது ஊற்றவேண்டும். கிளம்பிவிட்டால் கரும்புகையைக் கக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும்.

என்னிடம் அரைப்போத்தல் பெற்றோல் இருந்தது. மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். எங்கள் முதல் பிள்ளை வயிற்றிலேயே தவறிப்போனது. இந்தமுறை வலி எடுத்தால் ஒரு நிமிடமும் வீணாகக்கூடாது என்று பலபேரைக் கெஞ்சித் தேடிய பெற்றோல் அது. மூடியைச் சுற்றி மெழுகை உருக்கி அடைத்து, அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். அது இருப்பது எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். பக்கத்து வளவில் அலறல் கேட்டது. அங்கே இருந்தவள் வீட்டில் தையல் வேலை செய்பவள். கணவன் விடியவே களப்புக்கு மீன்பிடிக்கப் போயிருந்தான். அடுப்பெரிக்கக் காய்ந்த பனைமட்டை பொறுக்கியவளின் காலில் புடையன் பாம்பு கடித்துவிட்டது. நான் படலையைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தம்பி, உம்மட்டை ஒரு மூடி பெற்றோல் இருக்கே? அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். என்ரை முந்தாநாள் முடிஞ்சுபோச்சு."

"இல்லை அண்ணை. ஒரு சொட்டும் இல்லை."

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது. திரும்பிப் பார்த்தேன். மனைவி வயிற்றில் கைவைத்தபடி வாசலில் நின்றாள்.

"அப்ப தள்ளித்தான் பாக்கவேணும், வாரும்" என்றார் அவர்.

தள்ளினோம். ஒழுங்கையில் நின்ற ஆண்கள் ஐந்தாறுபேர் சேர்ந்து, அவளைப் பின்சீற்றில் படுக்கவைத்துத் தள்ளினோம். நான்தான் எல்லோரையும்விட மூர்க்கமாகத் தள்ளினேன். செருப்பு அறுந்தது. மணலில் முழங்கால் உரசி இரத்தம் வந்தது. இயந்திரம் இரண்டுதரம் இருமிவிட்டு அடங்கியது. ஒழுங்கை முடிவுவரை போய், திருப்பி, மறுபடியும் தள்ளினோம். கார்க் கண்ணாடி வழியாக அவள் முகம் தெரிந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தால் இரண்டு நிமிடம். ஆனால் 'இல்லை' என்று சொன்னவன் இப்போது எப்படி எடுத்துவருவது? ஒரு உயிர் அந்தரப்படும்போது எனக்கு அந்த வெட்கம்தான் பெரிதாகத் தெரிந்தது.

அரைமணித்தியாலம் போனது. கடைசியில் அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தள்ள, ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

நான் வீட்டுக்கு வந்து கால் கழுவினேன். மனைவி குசினியிலிருந்து வெளியே வரவில்லை.

"உனக்காகத்தானே..." என்று தொடங்கினேன்.

"என்னைச் சாட்டாதேங்கோ" என்றாள். "நான் உங்களை ஒளிச்சு வைக்கச் சொன்னனானே?"

பக்கத்து வளவுக்காரி பிழைத்தாள். ஆனால் கால் அழுகத் தொடங்கி, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நேரத்தோடு போயிருந்தால் விரல்கள் தப்பியிருக்குமா என்று எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டேன். "சொல்லேலாது" என்றார். தப்பியிருக்காது என்று அவர் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவளைக் கொண்டுபோன மறுநாளே போத்தலை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனேன். "நேற்றுப் பின்னேரம் ஒராள் தந்தது அண்ணை. உங்களிட்டை இருக்கட்டும்."

அவர் மெழுகை நகத்தால் சுரண்டி, மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். "கனநாள் கிடந்த பெற்றோல் போலை இருக்கு" என்றார். மூடியை இறுக்கிப் போத்தலை உள்ளே கொண்டுபோனார்.

அடுத்த மாதம் மனைவிக்கு வலி எடுத்தபோது நான் போய்க் கேட்கக் கூசிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். அவர் தானாகவே காரைக் கிளப்பிக்கொண்டுவந்து படலையடியில் நிறுத்தினார். வழிநெடுக அவர் என்னோடு கதைக்கவில்லை. மகள் சுகமாகப் பிறந்தாள்.

முப்பத்தோராம் நாள் கழிந்தபின் பக்கத்து வளவுக்காரி பிள்ளையைப் பார்க்க வந்தாள். நொண்டி நொண்டி வந்தவள் தானே தைத்த இரண்டு சின்னச் சட்டைகளைக் கொண்டுவந்திருந்தாள். வலது காலால் இனித் தையல் மெசினை மிதிக்கமுடியாதாம். இடது காலால் பழகிக்கொண்டிருக்கிறாளாம். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்டைக்குக் கார் தள்ளேக்கை நீங்கள் பட்ட பாட்டைக் கண்ணாடியாலை பாத்துக்கொண்டுதான் இருந்தனான், அண்ணை. செத்தாலும் மறக்கமாட்டன்."

மனைவி தேத்தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்போது சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அது என்ன பெரிய வேலையே" என்றேன்.

தொண்ணூற்றைந்தில் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். பக்கத்து வளவுக்காரர் தென்மராட்சிப் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டேன், அதற்குப்பிறகு காணவில்லை. அதுவரை மூன்று வருடங்கள் அவள் எங்கள் பக்கத்திலேயே இருந்தாள். ஒவ்வொரு நாளும் அந்த மெசின் ஓடும் சத்தம் வேலிக்கு இந்தப்புறம் கேட்டுக்கொண்டிருந்தது. சொல்வதற்கு எனக்கு நேரம் இல்லாமல் இல்லை.