ஒழுகும் மேசை

ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய கூரை வீடு ஓட்டலாகியிருக்கிறது. தலையைக் குனிந்து நுழைகிறேன். வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே என் இலைக்குப் பக்கத்தில் இருக்கும் பித்தளைக் குண்டானில், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பதறி நாற்காலியை நகர்த்துகிறேன்.

"பைப் தண்ணிதான் சார்," என்கிறார் சாம்பார் ஊற்றுபவர். "புதுசா கீத்து வேய்ஞ்சதும் ஒழுகல் நின்னுபோச்சு. பழைய வீடு மாதிரியே இல்லன்னு கஸ்டமருங்க குறைபட்டாங்க. அதான் முதலாளி மேல பைப் விட்டிருக்காரு. இந்த டேபிளுக்குத்தாங்க புக்கிங் ஜாஸ்தி."

நான் அப்பளத்தை நொறுக்குவதற்குள் வானம் இருண்டு நிஜ மழை பிடித்துக்கொள்கிறது. அவர் சாம்பார் வாளியை என் மேசையிலேயே வைத்துவிட்டு, துறையூரில் இருக்கும் மனைவிக்குப் போன் போடுகிறார்.

"அங்கயும் மழையா? கட்டிலைத் தள்ளிப் போடு. இருக்கற குண்டானையெல்லாம் எடுத்து சொட்டற எடத்துல வெச்சிடு."