பாதபூஜைக்கு ஆகாத கால்

எழுபதுகளில் வில்லாபுரத்தில் என் கல்யாணம். மாப்பிள்ளை மேடையில் பெற்றோரின் காலைக் கழுவிப் பாதபூஜை செய்ய வேண்டும். அதற்காகவே அம்மா ஒரு மாதமாகப் பித்தவெடிப்பில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போட்டாள். வயல் சேற்றில் நின்று என்னைப் படிக்கவைத்த கால், வெடிப்பு மூடவில்லை.

பெண்வீட்டார் வசதியானவர்கள். அம்மாவைத் தனியே அழைத்து, “இந்தக் காலோட மேடையில உக்காராதம்மா. உனக்கும் அப்பாவுக்கும் பதிலாப் பெரியப்பாவும் பெரியம்மாவும் உக்காரட்டும்” என்றேன்.

அம்மா குனிந்து பார்த்தாள். “அதுவுஞ் சரிதேன்யா. எம்புட்டுத் தேச்சும் போக மாட்டேங்குது” என்று சிரித்தாள்.

பெரியம்மாவின் வழவழப்பான கால்களைக் கழுவினேன். அம்மா பந்தலோரம் சேலையால் காலை மூடியபடி நின்றாள்.

அதன்பின் சாகும்வரை அவள் என் முன்னால் கால் நீட்டி உட்காரவே இல்லை. ‘நீட்டும்மா, எண்ணெய் போட்டுவிடுகிறேன்’ என்று நானும் கேட்கவில்லை.