கோட்டுக்குள் படுத்துப் பார்த்தவர்

அருமனையில் எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட வந்த பொக்லைன் ஓட்டுநரின் பெயரை நான் கேட்டுவைக்கவில்லை. நாற்பது வயதிருக்கும். குட்டையான, தடித்த ஆள். சட்டைப் பொத்தான்கள் எப்போதும் திறந்தே கிடக்கும். மண்ணில் கை வைக்குமுன், சுவர் வரும் இடங்களைக் காட்டும் சுண்ணாம்புக் கோடுகளுக்குள் நடந்து பார்ப்பது அவர் வழக்கமாம். மறுநாள் கம்பியும் சிமெண்டும் வந்து இறங்கவிருந்தன. இவரோ இயந்திரத்தை அணைத்துவிட்டு, படுக்கையறைக் கோட்டுக்குள் மல்லாந்து படுத்தார்.

"அண்ணே, கட்டிலு எங்க போடுவிய?"

"இங்கதான், கிழக்குச் சுவரோரம்."

"கிழக்க அடுக்களையில்லா?" என்றாள் என் மனைவி. கோடு போடச் சொன்னது நான். அவள் அன்றுதான் பார்க்கிறாள்.

அவர் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் ரெண்டு வீடுல்லா கெட்டுதிய! உள்ள நடந்து பாருங்க. வாசல் வழியா வரணும், கோட்டத் தாண்டிச் சுவரு சாடப்பிடாது."

நடந்தோம். என் அடுக்களையிலிருந்து கிழக்கே இருக்கும் கிணற்றுக்குப் போக, மனைவி வெறுங்கையை இடுப்பில் குடம்போல் வளைத்துக்கொண்டு வீட்டையே சுற்றி வந்தாள். நான் தோற்றேன். மறுநாள் வரவிருந்த கம்பி லோடை ஒரு நாள் தள்ளிவைத்து, பழைய கோடுகளைக் காலால் அழித்துப் புதிதாகப் போட்டோம். பிற்பகலில்தான் தோண்டினார்.

புறப்படும்போது, "உங்க வீடு அம்சமா இருக்குமே?" என்றேன்.

"எட்டு வருசமா கோடுதான் அண்ணே. வீட்டுக்காரி இன்னும் சம்மதிக்கல்ல."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அது வேடிக்கையா நிஜமா என்று நாங்கள் இருவரும் இன்றுவரை விவாதிக்கிறோம்.