என் கல்யாண ஓலைக்கு ஓர் ஆட்சேபணை

அந்த வருஷம் எங்கள் கோயிலுக்குத் தவறாமல் வந்தவை எலிகள் மட்டும்தான். உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரிக்கரைக்குக் கீழே இருந்த கூரை வேய்ந்த தேவாலயம் அது. கோயில் என்றுதான் நாங்கள் சொல்வோம். மேலத்தெரு, கீழத்தெரு என்று இருந்த எங்கள் இரண்டு தெருவும் சேர்ந்ததுதான் சபை. கீழத்தெரு வருவதில்லை. மேலத்தெருவிலும் பாதிப் பேர் வரப்பு வேலையைச் சாக்குச் சொன்னார்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. கிறிஸ்துமஸ் பஜனையில் கீழத்தெரு மாமா அதைத் தலையில் சுமந்து முன்னால் நடப்பார். மேலத்தெருக்காரரான என் நைனா, அதாவது அப்பா, பக்கத்திலேயே நடந்து, வெளிச்சம் மங்கினால் பம்ப் அடிப்பார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய பஜனையில் விளக்கு பத்தடிக்கு ஒரு தரம் மங்கியது.

"ஆட்டாம தூக்கினு வரத் தெரியல, நீ எதுக்கு லைட்டத் தூக்கற?" என்று நைனா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

மாமா விளக்கை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கீழத்தெரு மொத்தமும் அவர் பின்னால் போனது. அதோடு சரி. கூரை வேயத் தெரிந்தவர்கள் அவர்கள்தான், அதனால் மழை உள்ளே பெய்தது. பாட்டை எடுத்துக் கொடுக்கும் குரலும் அவர்களுடையது. என் நைனா பாட ஆரம்பித்தால் வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்து போய்விடும்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை திருப்புலிவனத்துப் பக்கம். பட்டாளத்தில் இருந்தார், லீவு குறைச்சல். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம் என்று குருவானவர் சபையைக் கேட்பார். மூன்றாம் ஞாயிறு தாண்டினால் லெந்து என்ற நோன்பு நாட்கள். அப்போது கல்யாணம் கிடையாது. லீவும் முடிந்துவிடும். பிறகு அடுத்த வருஷம்தான், அதுவும் அவர் மனசு மாறாமல் இருந்தால்.

எங்கள் குருவானவரை ஐயர் என்போம். உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் வருவார். சாது. ஆனால் நைனாவும் நானும் ஓலை வாசிக்கச் சொல்லிக் கேட்ட அன்றைக்குக் கோபம் வந்துவிட்டது. "கேட்க ஆளில்லாத கோயிலில் ஓலையை யாருக்கு வாசிப்பேன்? சபையைக் கூட்டுங்கள், வாசிக்கிறேன்" என்றார்.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் கிணற்றடியில் கீழத்தெரு மாமாவின் பெண்சாதி எங்கள் வீட்டுக் கதையை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நேராகப் போய் நின்றேன்.

"அத்தே, எங்க வூட்டப் பத்தி இங்க பேசறீங்களே, அதெல்லாம் கோயில்ல வந்து பேசுங்க. ஞாயித்திக்கெயம ஐயரே கேக்கப் போறாரு."

"வரமாட்டோம்னு நெனச்சிக்கினியா?" என்றார் அத்தை. அது போதும் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை கீழத்தெரு முழுக்க வந்து உட்கார்ந்தது. ஐயருக்கு வாயெல்லாம் பல். ஓலையை வாசித்து, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். அவர் ஊழியத்தில் அதுவரை அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை போலும். உடனே அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார்.

மாமா எழுந்து நின்றார். "எனக்குக் கீது ஐயரே. இந்தப் பொண்ணுக்கு என் மடியில வெச்சிதான் காது குத்தனாங்க. அம்மாகூடப் பொறந்த மாமன் இல்லாத பொண்ணுக்கு நான்தான் மாமன். எனக்கு வெத்தல பாக்கு வெக்காம இன்னா கல்யாணம்?"

வேத புத்தகத்தில் இதற்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஐயர் கையிலிருந்ததைப் பார்த்தார். ஆட்சேபணை தீர்ந்தால்தான் அடுத்த ஞாயிறு வாசிக்க முடியும் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

செவ்வாய் போனது, புதன் போனது. நைனா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே இருந்தார். மாடே போதும் என்று தலையைத் திருப்பிக்கொண்டது. வியாழக்கிழமை நானே தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு கிளம்பினேன். கல்யாணப் பெண் தன் கல்யாணத்துக்குத் தானே வெற்றிலை வைக்கப் போகிற கூத்து எந்த ஊரிலும் நடந்திருக்காது.

"ஐயோ, பொண்ணே தட்டத் தூக்கினு வருதுடீ!" என்று கீழத்தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் தட்டைப் புடவைத் தலைப்பால் மூடினேன். திரும்பிப் பார்த்தால், தோளில் துண்டுகூட இல்லாமல் நைனா ஓடி வருகிறார்.

"குட்றி தட்ட" என்று பிடுங்கிக்கொண்டு மாமா வீட்டு வாசலில் போய் நின்றார். மாமா கயிறு திரித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"லைட்டு மங்கனது உன்னால இல்ல மச்சான்" என்றார் நைனா. "பம்ப்புல தோல் வாஷரு தேஞ்சி பூட்ச்சி. மறுநாளே கயட்டிப் பாத்துட்டேன்."

மாமாவின் கை நின்றது. "மறுநாளேவா? ரெண்டு வருசமா சொல்லாம இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"நீதான் கோயிலுக்கே வரலியே, எங்க சொல்றது?"

மாமா முறைத்தார். பிறகு அத்தைதான் முதலில் சிரித்தார். மாமா தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ஒக்காரு, நாஷ்டா துன்னுட்டுப் போ" என்றார். நான் அங்கே நிற்பதை அதற்குப் பிறகு யாரும் கவனிக்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

சனிக்கிழமை கீழத்தெரு ஆட்கள் கோயில் கூரைமேல் இருந்தார்கள். மேலத்தெரு கீற்று எடுத்துக் கொடுத்தது. எலிகளுக்குத்தான் போக்கிடம் இல்லாமல் போயிற்று. மீதி இரண்டு ஞாயிறும் ஐயர் ஓலை வாசித்துவிட்டு மாமாவையே பார்த்தார். மாமா வெற்றிலை மென்றுகொண்டு சும்மா இருந்தார்.

கல்யாணத்தன்று சாயங்கால ஊர்வலத்தில் மாமா பெட்ரோமாக்ஸைத் தலையில் சுமந்து முன்னால் நடந்தார். நைனா புது வாஷர் போட்டிருந்தார். ஆனாலும் எந்த விளக்குக்கும் நடுவில் காற்று வேண்டுமே. முன்பு இறக்கி வைத்த அதே இடத்துக்குப் பக்கத்தில் வெளிச்சம் மங்கியது. பாட்டு நின்றது. இரண்டு தெருவும் நைனாவையே பார்த்தது.

"கொஞ்சம் குனி மச்சான்" என்றார் நைனா.

மாமா முட்டியை மடக்கிக் குனிந்தார். குட்டையான நைனா நுனிக்காலில் எக்கி நின்று பம்ப் அடித்தார். பளீரென்று வெளிச்சம் வந்தது. மாமா அப்படியே பாட்டை எடுத்துக் கொடுத்தார்.

"உங்க ஊர்ல இதுவும் ஒரு சடங்கா?" என்று மாப்பிள்ளை என் காதில் கேட்டார்.

"ஆமா" என்றேன். "நடுவுல ரெண்டு வருசம் நின்னு பூட்ச்சி."