தீர்த்தம் பட்டு ஊதிய ஜாக்கெட்

பதினெட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான் மீன் ஆய்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனான மூத்தாரும் விடியலில் படகெடுத்துப் போய்ப் பிடித்து வரும் மீன். செதில் என் கையில், கதை அவர்கள் வாயில். அலை இவ்வளவு உயரம், சியாக்காப் மீன் இழுத்த இழுப்பு அவ்வளவு பலம் என்று இரண்டு பேரும் மாறி மாறி அளப்பார்கள். நானும் வருகிறேன் என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்: படகில் இடமில்லை. போன வருடம் பழைய படகைத் தள்ளிவிட்டு நான்கு பேர் உட்காரும் ஃபைபர் படகு வாங்கினார்கள். முதல் சவாரிக்கு நான் வருவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் படகில் ஏறுகிறவர்களில் நீச்சல் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நாற்பத்தாறு வயதில், நகராண்மைக் கழக நீச்சல் குளத்தில், சனிக்கிழமைப் பெண்கள் வகுப்பில் கற்றுக்கொண்டேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீருக்கு மேல் இறங்கியதே கிடையாது. லைஃப் ஜாக்கெட்டும் போடமாட்டார்கள். கடலுக்குப் போகும்போதே முங்கப்போவதாக நினைத்துக் கொண்டு போனால் அது அப்படியே பலித்துவிடும் என்பது மூத்தாரின் சித்தாந்தம். என் வீட்டுக்காரரோ அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டார்.

நான் பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்கே பெல்ட் மாட்டாமல் ஏணியில் ஒரு படி ஏறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏறுகிறவன் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டா பெல்ட் மாட்டுகிறான்? மூத்தாரும் இருபது வருடம் அதே ஊரில் தலையில் ஹெல்மெட்டோடு வேலை பார்த்தவர்தான். அந்த நியாயம் கரையோடு நின்றுவிடுகிறது போலிருக்கிறது.

ஜொகூர் பாருவில் ஒரு தூண்டில் கடைக்குப் போனேன். முதலில் நுரைப்பஞ்சு வைத்த ஜாக்கெட்டைக் கொடுத்தார்கள். ஆம்பளைக்கென்று தைத்தது. மார்பைத் தாண்டி ஜிப் ஏறவில்லை, உட்கார்ந்தால் தாடையைத் தூக்கியது. கடைக்காரர், வயதான சீனர், "ஆண்ட்டி, போலே பெரெனாங்?" என்று மலாயில் கேட்டார். நீந்தத் தெரியும் என்றேன். அதற்குப் பிறகுதான் காற்று ஊதும் வகையை எடுத்தார். மடித்த துண்டு மாதிரி கழுத்தைச் சுற்றிக் கிடந்தது, கனமே இல்லை. அதிலும் இரண்டு உண்டாம். ஒன்று நாமே கயிற்றை இழுத்தால் ஊதும். இன்னொன்றில் மாத்திரை போல ஒன்று இருக்கிறது. தண்ணீரில் அது கரைந்ததும் ஓர் ஊசி காற்றடைத்த சின்ன சிலிண்டரைக் குத்தும், ஜாக்கெட் தானாக ஊதிக்கொள்ளும். தலையில் அடிபட்டு விழுந்தால் கயிற்றை எவன் இழுப்பான்? தானாக ஊதுவதையே எடுத்தேன். தொடைகளுக்கு நடுவே மாட்டும் பட்டையைக் காட்ட அவர் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானே மாட்டிப் பார்த்துக்கொண்டேன். அது இல்லாவிட்டால் ஊதிய ஜாக்கெட் தலைக்கு மேல் ஏறிவிடும், ஆள் கீழே போய்விடுவாள். மாற்று மாத்திரையும் சிலிண்டரும் ஒரு செட் வாங்கிக்கொள்ளச் சொன்னார், வாங்கினேன்.

இவ்வளவு விவரமாக வாங்கியவள் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். சனிக்கிழமை முனீஸ்வரன் கோயில் வாசலில் புதுப் படகுக்குப் பூசை. புதுப்பொருள் எதுவானாலும் சாமி பார்வையில் பட வேண்டும் என்பது என் அம்மா வீட்டுப் பழக்கம். ஜாக்கெட்டைப் படகின் முனையில், எலுமிச்சம்பழங்களுக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் ஒரு முழம் பூ போட்டேன். பூசாரிக்குத் தாராள மனசு. தெளிப்பதெல்லாம் அவருக்குப் போதாது. வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரை ஒரு செம்பு நிறைய அப்படியே கவிழ்த்தார்.

எண்ணி நாலு மூச்சு. புஸ்ஸென்று ஒரு சத்தம். ஜாக்கெட் மடிப்பைப் பிளந்துகொண்டு மஞ்சளாகப் பொங்கி எழுந்தது. எலுமிச்சம்பழங்கள் சாலை வரைக்கும் உருண்டன. பூசாரி "அப்பா முனியாண்டி!" என்று ஒரே தாவலில் படியேறிவிட்டார். வந்திருந்த பத்துப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூத்தார் மட்டும் சிரிக்கவில்லை.

"பாத்தியா? சாமியே சொல்லிருச்சி, இது ஆகாதுன்னு. பேசாம வீட்டுல இரு லா."

எனக்கு அவமானமும் கோபமும் ஒன்றாக வந்தன. "இல்ல மாமா, வேலை செய்யுதான்னு சாமி டெஸ்ட் பண்ணிக் குடுத்திருக்கு" என்றேன்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை வாய்க்குழாய் வழியாகக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, நிழலில் உலர்த்தி, புது மாத்திரையைப் பொருத்தி, புது சிலிண்டரைக் கை இறுகத் திருகினேன். சரியாகப் பொருந்தியதைக் காட்டும் பச்சைக் குறி தெரிகிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். இவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒத்தாசைக்கும் வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மீனவர் கம்பத்தில், படகுகள் கட்டும் ஜெட்டியில், எல்லாவற்றுக்கும் மேலே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். மழைச்சட்டையை அதற்கு மேல் போடக் கூடாது, ஊதும்போது நெஞ்சை நெரிக்கும். மூத்தார் படகுக்குள் நின்று கையை நீட்டி மறித்தார்.

"அத கழட்டிட்டு ஏறு."

"கழட்டமாட்டேன்."

"நீச்சல் தெரிஞ்சவளுக்கு எதுக்குமா அது?"

"மயக்கம் போட்டு விழுந்தா நீச்சல் ஞாபகம் இருக்குமா மாமா?"

"அப்ப நான் வரல. அபசகுனத்தோட நான் கடலுக்குப் போனதில்ல."

"சரி, எறங்கிக்குங்க" என்றேன். மூத்தாரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி கயிற்றைப் பார்த்தார். மூத்தார் இறங்கி ஜெட்டியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். இவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றை அவிழ்த்தார்.

ஜெட்டி கையளவு சிறியதாகிற தூரம் வந்ததும் இன்ஜின் விசையைக் குறைத்தார். ஜெட்டியையே திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க?"

"எனக்குத் தண்ணின்னா பயம்" என்றார். "மொத நாள்லேர்ந்தே. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும்."

அளந்த அலைகளெல்லாம் என் காதில் வந்து மோதின. "அப்புறம் ஏன் ஜாக்கெட் போடல?"

"அண்ணன் போடல."

எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, கோபம்தான் வந்தது.

"அப்போ நான் தாலி அறுத்தாலும் பரவால்ல, ஒங்க அண்ணன் சிரிச்சிரக் கூடாது. அப்படித்தானே?"

அவர் இன்ஜினை நிறுத்தினார். படகு இடமும் வலமுமாக ஆடியது. குனிந்து, ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்குக் காட்டவென்று இருக்கைக்கு அடியில் திணித்திருந்த பஞ்சு ஜாக்கெட் ஒன்றை இழுத்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. பல்லால் கிழித்தார். மூத்தார் ஜெட்டியில் இன்னும் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவு தூரத்திலிருந்தும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். இவர் கொக்கியை மாட்டத் தெரியாமல் திணறினார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவையில் அவரே மாட்டினார்.