பசிக்கவில்லை என்றவர்

எங்கள் அலுவலக கேன்டீனில் டீ போடுகிற அக்காவுக்கு எதையும் கண்ணால் பார்த்தே முடிவு கட்டிவிடும் பழக்கம். மேல்மாடி ஒல்லிப்பிச்சான்கள் எல்லோரும் மாட்டுப்பால் வேண்டாமென்று ஓட்ஸ் பால் காபிதான் கேட்பார்கள். அதைக் குடித்துத்தான் அப்படி இருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். கூடவே கப் கழுவிக்கொண்டிருந்த நான், "அதுங்க சாப்பிடறதே இல்லக்கா" என்றேன். காதில் போட்டுக்கொண்டால்தானே.

அவள் வீட்டுக்காரர் வேன் டிரைவர், சர்க்கரை வியாதிக்காரர். காலையில் ஒரு பெரிய டம்ளர் பால் குடித்தால் மத்தியானம் வரை தாங்குவார். அதை நிறுத்தி ஓட்ஸ் பாலைக் கொடுத்தாள். அட்டைப் பெட்டியில் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்புறம் என்ன?

குடித்த கொஞ்ச நேரத்திலேயே மனுஷர் சமையலறை வாசலில் வந்து நிற்பாராம்.

"பசிக்குதுடி."

"இப்பதானே குடிச்சீங்க? அது என்ன வயிறா, சாக்கா?"

பிஸ்கட் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கொஞ்ச நாளில் அவர் கேட்பதை விட்டுவிட்டார். இவளாகக் கேட்டாலும் "பசிக்கல" என்பார். "வழிக்கு வந்துட்டாரு" என்று என்னிடம் பெருமையடித்தாள்.

ஒரு நாள் வேனிலேயே மயங்கிச் சரிந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. அங்கே சுருட்டிக் கொடுத்த அவர் சட்டையின் பையில் பன் தூள் இருந்தது.

"ஓட்ஸை அரைச்சுப் பாலாக்கும்போதே அதோட மாவுச்சத்து கொஞ்சம் சர்க்கரையா மாறிடும்மா, தனியா போட வேண்டியதில்ல" என்றாள் நர்ஸ். "புரதமும் கம்மி, வயிறு தாங்காது. மாட்டுப்பால் சர்க்கரையை மெதுவாத்தான் ஏத்தும். அது வேணாம்னா இனிப்பில்லாத சோயா பாலாவது குடுத்திருக்கலாம். அந்தப் பால் மட்டும் காரணமில்ல. பசி தாங்காம வெளியில கண்டதையும் தின்னிருக்காரு."

அன்றிலிருந்து கேன்டீனில் பால் பொங்கும்போதெல்லாம் அக்கா வாசலைத் திரும்பிப் பார்க்கிறாள். "வந்து நிக்கிறாருடி" என்பாள். நானும் திரும்பிப் பார்ப்பேன். வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்போது அவள் தம்பிக்கும் சர்க்கரை. அக்கா வீட்டில்தான் இருக்கிறான். காலையில் சர்க்கரை போடாத பாலும் முட்டையும் கொடுக்கிறாள். அலமாரிப் பூட்டைத் தூக்கிப் போட்டாயிற்று. டெஸ்ட்டில் எல்லாம் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் அவன் பசி என்று வாயே திறப்பதில்லை. அதுதான் அவளைக் கொல்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் அங்கே இருந்தேன்.

"பசிக்குதாடா?"

"இல்லக்கா. வயிறு திம்முனு இருக்கு."

"நெஜமாவா?"

"எத்தனை தடவைக்கா கேட்ப?"

அக்கா எழுந்து போய் அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். பையையே வெளியே இழுத்துப் பிதுக்கிப் பார்த்தாள். ஒரு துணுக்குகூட இல்லை.

"என்னக்கா தேடுற?"

அவள் பையைப் பிடித்த கையை விடாமலே சமையலறை வாசல் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள். "இவனை நம்பலாமா?"