படபடப்பு இல்லாமலே திரும்பி வந்தது

கட்டுமாவடியில் மீன் வியாபாரம் செய்யும் என் கணவருக்கு, தாறுமாறான இதயத் துடிப்பைச் சரிசெய்ய, தொடை வழியாக வயர் செலுத்திச் சிகிச்சை செய்தார்கள். "இதயத்தோட மேலறை பெருசாயிருக்கு, திரும்ப வரலாம். ரத்தம் கட்டாம இருக்குற மாத்திரைய நிறுத்தாதீங்க, செக்கப்புக்கு வாங்க" என்றார் டாக்டர்.

ஆறு மாதம் படபடப்பே இல்லை. "நல்லாத்தானே இருக்கேன்" என்று அவர் மாத்திரையையும் செக்கப்பையும் விட்டபோது நானும் சும்மா இருந்துவிட்டேன்.

ஒருநாள் மீன் ஏலத்தில் நின்றவருக்கு வாய் கோணி, வலது கை துவண்டுவிட்டது. பதறி ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம்.

"துடிப்புக் கோளாறு திரும்பிருச்சும்மா. இதயத்துல ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கு" என்றார் அதே டாக்டர்.

"ஒண்ணுமே தெரியலையே சார்!"

"தெரியாமலும் வரும். அதுக்குத்தான் ஈசிஜி எடுக்க வரச் சொன்னேன்."



சீக்கிரம் கொண்டுபோனதால் பிழைத்தார். இப்போதெல்லாம் "நல்லாருக்கேன்" என்று அவர் சொன்னாலும், குறித்த தேதியில் நானே ஈசிஜி எடுக்க அழைத்துப்போகிறேன். மாத்திரையை என் கண்முன்தான் விழுங்க வேண்டும்.